இருநூறு மணி நேர ரஷ்யன்: விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் அயல்மொழி படித்த வரலாறு

1924 ஜூன் மாதம் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கூடவே ஒரு கட்டுரையையும் வைத்து அனுப்பினார். பிரசுரிக்கத் தகுந்தது என்று தோன்றினால் 'ஸைட்ஷ்ரிஃப்ட் ஃப்யூர் ஃபிஸிக்' இதழில் வெளியிட ஏற்பாடு செய்யுங்கள், இதை மொழிபெயர்க்கும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் தெரியாது என்று கேட்டுக்கொண்டார். ஐன்ஸ்டைனே அதை ஜெர்மனில் பெயர்த்து வெளியிட்டார். போஸ்-ஐன்ஸ்டைன் புள்ளியியல் பிறந்த கதை இது, பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதே கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உங்கள் பொதுச் சார்பியல் கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது நான்தான் என்று போஸ் அவருக்குச் சொல்கிறார். அதாவது, ஜெர்மனில் வந்த மிகக் கடினமான இயற்பியல் கட்டுரைகளில் ஒன்றை வரி வரியாகப் படித்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவருக்கு, தன் சொந்தக் கட்டுரையின் நாலு பக்கத்தை ஜெர்மனில் எழுத வரவில்லை.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து விஞ்ஞானிகள் கற்றுக்கொண்ட அயல்மொழி பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் வாய்க்கும் தெரியாது. பொறியாளர்களுக்கோ பெரும்பாலும் நேர்மாறாக அமைந்தது. எதிரே நிற்கும் ஃபோர்மேன் சொல்வது புரிந்தாக வேண்டும், தான் சொல்வது அவருக்குப் புரிந்தாக வேண்டும். இலக்கணம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. 'தொழில்நுட்பக்காரர்களுக்கான மொழிப் பயிற்சி' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோமே தவிர, உள்ளே இரண்டு தனித்தனி வித்தைகள் இருக்கின்றன. ஒன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. மற்றொன்றுக்கு இன்றும் சென்னையில் கூட்டம் கூடுகிறது.

போஸுக்கு ஜெர்மன் எதற்குத் தேவைப்பட்டது என்பதிலிருந்தே தொடங்கலாம். 1916 வாக்கில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரியில் அவரும் மேக்நாத் சாகாவும் இயற்பியல் நடத்தத் தொடங்கினார்கள். நடத்த வேண்டியது புதிய இயற்பியல்: குவாண்டம், சார்பியல். ஆனால் புத்தகம் இல்லை. முக்கியமானவை எல்லாம் ஜெர்மனில் இருந்தன. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்ததால் ஜெர்மனியிலிருந்து எதுவும் வரவில்லை. சிப்பூரில் இருந்த வங்காளப் பொறியியல் கல்லூரியில் பால் யோகன்னஸ் ப்ரூல் என்று ஒருவர் வேலை பார்த்தார். அவர் தாவரவியல் ஆள். ஆனாலும் பிளாங்க், போல்ட்ஸ்மன் போன்றவர்களின் ஜெர்மன் நூல்கள் அவர் அலமாரியில் இருந்தன. போஸும் சாகாவும் அவற்றை வாங்கிவந்து படித்தார்கள். சாகா டாக்காவில் கல்லூரி மாணவராக இருக்கும்போதே ஜெர்மன் கற்றவர். இந்தப் படிப்பின் பலன்தான் 1920இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சார்பியல் கட்டுரைகளின் தொகுப்பு. ஐன்ஸ்டைனின் மூலக் கட்டுரைகள் முதன்முதலாக ஆங்கிலத்தில் புத்தகமானது லண்டனிலோ நியூயார்க்கிலோ இல்லை, கல்கத்தாவில்.

இயற்பியலுக்கு முன்பே வேதியியலில் ஜெர்மன் தவிர்க்க முடியாததாகிவிட்டது. ஜெர்மனியின் கீசன் நகரில் வேதியியலாளர் லீபிக் நடத்திய ஆய்வகத்துக்குப் பல நாட்டு இளைஞர்கள் போய்ப் படித்தார்கள். பின்னால் கெட்டிங்கன், பெர்லின், மூனிச் என்று அந்த வழி அகன்றது. அமெரிக்காவில் 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஜெர்மன் முறையைப் பார்த்தே ஆய்வுப் படிப்பை அமைத்தது. அங்கே வேதியியல் துறையை நிறுவிய ஐரா ரெம்சன் கெட்டிங்கனில் முனைவர் பட்டம் வாங்கியவர். கரிமச் சேர்மங்களைப் பற்றி அதுவரை தெரிந்ததையெல்லாம் திரட்டிய பைல்ஸ்டைன் கையேடு 1881இலிருந்து வரத் தொடங்கியது. அதைத் தொகுத்த பைல்ஸ்டைன் இருந்தது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். அங்கே உட்கார்ந்து எழுதினாலும் ஜெர்மனில்தான் எழுத வேண்டியிருந்தது என்றால் அந்த மொழியின் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம். ஒரு சேர்மத்தைப் புதிதாகத் தயாரிப்பதற்கு முன், வேறு யாராவது ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று பைல்ஸ்டைனைப் புரட்டிப் பார்ப்பது எந்த வேதியியலாளருக்கும் முதல் வேலை.

ஆகவே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்கு ஜெர்மன், பிரெஞ்சு இரண்டிலும் 'வாசிப்புத் திறன்' காட்ட வேண்டும் என்ற விதி பரவலாக வந்தது. தேர்வு எளிமையானது: துறை சார்ந்த ஒரு பகுதியைக் கொடுப்பார்கள், கையில் அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க வேண்டும். இதற்கென்றே 'வேதியியல் ஜெர்மன்' பாடநூல்கள் வந்தன. அவற்றில் ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்குவது எப்படி, ஓட்டலில் என்ன கேட்பது போன்ற பாடங்கள் இருக்காது. நேரடியாக அமிலம், காரம், வடித்தல், படிகமாக்கல். தன்மை, முன்னிலை வினைகள் கிட்டத்தட்டத் தேவையே இல்லை, ஏனென்றால் ஆய்வுக் கட்டுரையில் 'நான்', 'நீ' வராது. செயப்பாட்டு வினையும் படர்க்கையும் தெரிந்தால் போதும்.

இந்தப் பாடநூல்கள் மெனக்கெட்டு விளக்கிய ஒரு விஷயம் தமிழ் வாசகருக்கு வேடிக்கையாக இருக்கும். ஜெர்மன் அறிவியல் நடையில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நீண்ட அடை வரும்: 'நேற்று குடுவையில் நீர்த்த அமிலத்துடன் சேர்த்துச் சூடாக்கப்பட்ட திரவம்' என்பது போல. ஆங்கிலத்தில் 'திரவம்' முதலில் வந்துவிட வேண்டும், மற்றதெல்லாம் பின்னால். அதனால் இங்கிலாந்து, அமெரிக்க மாணவர்களுக்கு இது பெரிய முடிச்சு. எங்கே அடை தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்டிப் பழக்குவார்கள். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் போய் உட்காருவதும் அவர்களுக்குத் தலைவலி. நமக்கு இரண்டுமே வீட்டுப் பழக்கம். ஜெர்மன் வகுப்பில் தமிழ் மாணவர்கள் தடுமாறும் இடம் இது இல்லை. பெயர்ச்சொற்களின் மூன்று பாலும் அவற்றுக்கேற்ற 'டெர், டீ, டாஸ்' என்ற முன்சொற்களும்தான் உயிரை வாங்கும்.

பிறகு போர் வந்தது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 1915இல் சுமார் 24 விழுக்காட்டினர் ஜெர்மன் படித்தார்கள். 1922இல் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. பல மாநிலங்கள் ஜெர்மன் கற்பிப்பதற்குத் தடை போட்டன. நெப்ராஸ்காவில் 1919இல் போட்ட சட்டப்படி எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு அயல்மொழி சொல்லித்தரக் கூடாது. மீறிய ஓர் ஆசிரியர் தண்டிக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1923இல்தான் சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அறிவியல் உலகத்திலும் 1919இல் அமைந்த சர்வதேச ஆராய்ச்சி மன்றம் ஜெர்மானியர்களைச் சில ஆண்டுகள் வெளியே நிறுத்தியது. 1933க்குப் பின் ஹிட்லரின் ஆட்சி அங்கிருந்த விஞ்ஞானிகள் பலரை ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குத் துரத்தியது.

இவ்வளவுக்குப் பிறகும் வாசிப்புத் தேர்வு மட்டும் போகவில்லை. 1960களிலும் அமெரிக்க மாணவர்கள் ஜெர்மன் பகுதியை அகராதியோடு மொழிபெயர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது அது சடங்காகிவிட்டிருந்தது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் முழுச் சடங்கு என்று தள்ளிவிடவும் முடியாது. பைல்ஸ்டைன் கையேடு 1984 வரை ஜெர்மனில்தான் வந்தது. ஜெர்மன் தெரியாதவர்கள் அதைப் பயன்படுத்துவதற்கென்று அந்த நிறுவனமே ஒரு சிறு ஜெர்மன்-ஆங்கில அகராதி அச்சிட்டுக் கொடுத்தது. அந்தக் கையேட்டுக்கு மட்டும் ஆன சொற்கள். வேறு எதையும் படிக்க அது உதவாது.

பெரிய அளவில் ஒரு நாடே பதறியது ரஷ்ய மொழிக்காக. 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் மேலே போனதும், சோவியத் ஆய்விதழ்களில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட நம்மிடம் ஆள் இல்லையே என்ற கவலை அமெரிக்காவில் கிளம்பியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்தது. நான்கு ஆண்டுகளில் நூறு கோடி டாலருக்கும் மேல் செலவிடும் திட்டம். கணிதம், அறிவியலோடு அயல்மொழிகளுக்கும் அதில் தனிப் பங்கு.

உண்மையில் ஸ்புட்னிக்குக்கு முன்பே இரண்டு வேலைகள் தொடங்கியிருந்தன. ஒன்று, சோவியத் இதழ்களை அட்டை முதல் அட்டை வரை அப்படியே ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது. அமெரிக்க இயற்பியல் நிறுவனம் 1955இல் இதை ஆரம்பித்தது. இன்னொன்று, கணினியை மொழிபெயர்க்க வைப்பது. 1954 ஜனவரி 7 அன்று நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஒரு செயல்விளக்கம் நடத்தின. ரஷ்ய மொழி தெரியாத ஒருவர் ரஷ்ய வாக்கியங்களை அட்டைகளில் துளையிட்டுக் கொடுக்க, கணினி ஆங்கிலத்தை அச்சடித்துத் தந்தது. நிலக்கரியின் தரம் அதன் வெப்ப மதிப்பைப் பொறுத்தது என்ற ரகத்தில், அறுபதுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள். கணினிக்குத் தெரிந்தது 250 சொற்கள், 6 இலக்கண விதிகள். வாக்கியங்களை முன்கூட்டியே பொறுக்கி வைத்திருந்தார்கள் என்பதைப் பத்திரிகைகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று பேசினார்கள். அரசுப் பணம் கொட்டியது.

தீரவில்லை. பத்தாண்டுக்கு மேல் செலவு செய்த பிறகு, பெல் ஆய்வகத்தின் ஜான் பியர்ஸ் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. ஆல்பாக் அறிக்கை என்று அழைக்கப்படும் அதன் அறிக்கை 1966இல் வந்தது. இயந்திர மொழிபெயர்ப்புக்கு அமெரிக்க அரசு கொடுத்துவந்த பணத்தை வற்றவைத்த அறிக்கை என்றே கணினித் துறையினர் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறொரு பகுதி. ரஷ்யக் கட்டுரைகள் அடிக்கடி தேவைப்படும் விஞ்ஞானிகள் பேசாமல் ரஷ்ய மொழியையே வாசிக்கக் கற்றுக்கொள்வது மலிவாக இருக்கலாம் என்று குழு சொன்னது. 200 மணி நேரத்துக்குள் ஒரு விஞ்ஞானி தன் துறைக் கட்டுரைகளைப் படிக்கும் அளவுக்கு ரஷ்யன் கற்றுவிட முடியும் என்று சில ஆய்வுகளை எடுத்துக்காட்டியது. தினம் ஒரு மணி நேரம் என்றால் ஏழு மாதம்கூட ஆகாது.

கேட்க மிகையாகத் தோன்றும். ஆனால் தன் துறைக் கட்டுரையை எடுத்துவைத்துக்கொண்டு உட்காரும் இயற்பியலாளருக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. சமன்பாடுகள் எந்த மொழியிலும் ஒன்றுதான். வரைபடம், அட்டவணை அப்படியே. எழுத்துகளைக் கற்ற மறுநாளே 'அதோம்', 'எலெக்ட்ரோன்', 'தெம்பெரதூரா' எல்லாம் தெரிந்த முகங்களாகிவிடும். அடுத்த வாக்கியத்தில் என்ன வரப்போகிறது என்பதைப் பாதி நேரம் அவரால் ஊகித்துவிட முடியும், ஏனென்றால் விஷயம் அவருடையது. மிச்சம் வேற்றுமை உருபுகளும் ஒரு சில நூறு பொதுச் சொற்களும். அதே ஆளை மாஸ்கோவில் ஒரு கடையில் ரொட்டி வாங்க அனுப்பினால் கையைக் காட்டித்தான் வாங்க வேண்டும். அது அவருக்குத் தேவையில்லாதபோது என்ன குறை?

இந்த 200 மணி நேர யோசனைதான் இந்த வரலாற்றிலேயே உருப்படியானது என்பது என் கருத்து. அது பெரிதாக எடுபடவில்லை. மொழிபெயர்ப்பு இதழ்கள் சில மாதம் தாமதமானாலும் நூலகத்துக்கு வந்துகொண்டிருந்தன. ஆங்கிலத்தில் எழுதினால்தான் உலகம் படிக்கும் என்று மற்ற நாட்டினரும் ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். கற்க வேண்டிய பாரம் முழுவதும் ஆங்கிலம் தெரியாதவர்கள் தலையில் ஏறியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க அறிவியல் துறைகள் முனைவர் பட்டத்துக்கான மொழித் தேர்வையும் ஒன்றொன்றாகக் கைவிட்டன.

சரி, பொறியாளர்கள் பக்கம் வருவோம்.

இங்கே முன்னோடி ஜப்பான். 1873இல் டோக்கியோவில் தொடங்கிய பொறியியல் கல்லூரிக்குத் தலைமை ஏற்க ஸ்காட்லாந்திலிருந்து ஹென்றி டயர் வந்தபோது அவருக்கு வயது 24. ஆறு ஆண்டுப் படிப்பு; கற்பித்தல், தேர்வு, ஆய்வேடு எல்லாம் ஆங்கிலத்தில். 1883இல் அங்கே படித்து முடித்த தனாபே சகுரோ, பிவா ஏரித் தண்ணீரைக் கியோட்டோவுக்குக் கால்வாய் வெட்டிக் கொண்டுவருவது பற்றி ஆய்வேடு எழுதினார். 1890இல் அந்தக் கால்வாயையே கட்டி முடித்திருந்தார்கள். மருத்துவத்துக்கு ஜெர்மன், பொறியியலுக்கு ஆங்கிலம் என்று துறைக்கொரு மொழியை வைத்துக்கொண்ட ஜப்பான், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஆசிரியர்களாக வந்ததும் வெளிநாட்டவர்களை அனுப்பிவிட்டுப் பாடத்தைச் சொந்த மொழிக்கு மாற்றிக்கொண்டது. மொழிப் பயிற்சியை இவ்வளவு தெளிவாக ஒரு தற்காலிக ஏற்பாடாக வைத்து நடத்திய நாடு வேறு இருக்குமா தெரியவில்லை.

சுதந்திர இந்தியாவில் 1950களில் நிலைமை கலவையானது. உருக்காலைகளையே பாருங்கள்: பிலாய்க்கு சோவியத், ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனி, துர்காபூருக்கு பிரிட்டன். தமிழ்நாட்டில் நெய்வேலி இன்னும் ஒரு படி மேல். சுரங்கத்தில் மண்ணை வெட்டிய ராட்சதச் சக்கர எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. பக்கத்திலேயே அனல் மின்நிலையம் சோவியத் உதவியில் கட்டியது. பனிப்போரின் இரண்டு தரப்பும் ஒரே ஊரில். இந்தியப் பொறியாளர்கள் நூற்றுக்கணக்கில் பயிற்சிக்காக சோவியத் ஒன்றியத்துக்குப் போனார்கள். அங்கிருந்து நிபுணர்கள் இங்கே வந்தார்கள். இவர்களுக்கு வேண்டியது கட்டுரை வாசிப்பு இல்லை. ஊதுலையைத் திறக்கும்போது எதிரில் நிற்பவர் 'நிறுத்து' என்கிறாரா 'இன்னும் கொஞ்சம்' என்கிறாரா என்பது அந்த நொடியில் தெரிய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எல்லா ஷிஃப்டிலும் எல்லா எந்திரத்துக்குப் பக்கத்திலும் நிற்க முடியாது. நின்றாலும் அவருக்கு மொழி தெரியும், உருக்கு தெரியாது. வரைபடமும் கைச்சைகையும் ஓரளவுக்குத்தான் உதவும். இந்தத் தேவையும் சேர்ந்துதான் 1965இல் டெல்லியில் ரஷ்ய மொழிக்கென்று தனி நிறுவனம் அமைந்தது. பின்னால் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது.

சென்னையில் ஐஐடி 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியது. ஜெர்மன் பேராசிரியர்கள் வந்தார்கள், பட்டறைக்கு ஜெர்மன் கருவிகள் வந்தன, இங்குள்ள ஆசிரியர்கள் பயிற்சிக்கு அங்கே போனார்கள். தொடக்க ஆண்டுகளில் மாணவர்களுக்கு ஜெர்மன் வகுப்பும் இருந்தது. பாடம் நடந்தது என்னவோ ஆங்கிலத்தில்.

சோவியத் பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத்துக்கு இடமே கொடுக்கவில்லை. 1960இல் மாஸ்கோவில் தொடங்கிய மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்துக்கும் மற்ற கல்லூரிகளுக்கும் போன ஆசிய, ஆப்பிரிக்க மாணவர்களுக்கு முதல் ஆண்டு முழுவதும் ஆயத்தப் படிப்பு. முதலில் எழுத்து, பேச்சு. சில மாதங்களில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் ரஷ்யனில் மறுபடி நடத்துவார்கள். பள்ளியில் படித்த அதே நியூட்டன் விதிகள்தான், மொழி மட்டும் புதிது. தெரிந்த பாடத்தை வைத்துத் தெரியாத மொழியை ஏற்றும் இந்த உத்தி, ஆல்பாக் குழு சொன்ன 200 மணி நேரக் கணக்கின் அடியில் இருந்த அதே உண்மைதான். ஓராண்டு முடிந்து மாணவன் நேராக விரிவுரை வகுப்பில் ரஷ்ய மாணவர்களோடு உட்கார வேண்டும். இந்தியாவில் தங்கிவிட்டவர்களுக்கோ சோவியத்துக்காரர்களே சிரமம் வைக்கவில்லை. மிர் பதிப்பகத்தின் அறிவியல் நூல்கள் ஆங்கிலத்திலும், சில தமிழிலும், என்சிபிஹெச் (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடைகளில் மலிவு விலைக்குக் கிடைத்தன. அவற்றைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு ரஷ்யன் கற்க வேண்டிய அவசியமே வரவில்லை.

வாசிப்பு, பேச்சு என்ற இந்தப் பிரிவினையில் பேச்சின் உச்சத்தை விண்வெளியில் பார்க்கலாம். 1975 ஜூலையில் அமெரிக்க அப்போலோவும் சோவியத் சோயுஸும் விண்ணில் இணைந்தன. ஒவ்வொருவரும் தன் சொந்த மொழியில் பேசட்டும், மற்றவர் புரிந்துகொள்ளட்டும் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். அமெரிக்கர்கள் ரஷ்யனில் பேசினார்கள், ரஷ்யர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். காரணம் நடைமுறை சார்ந்தது: தாய்மொழியில் பேசுகிறவன் வேகமாகவும் கொச்சையாகவும் பேசிவிடுவான், கற்ற மொழியில் பேசுகிறவன் நிதானமாக, தெரிந்த எளிய சொற்களில் பேசுவான், கேட்கிறவருக்கோ அது தாய்மொழி. ஓக்லஹோமாவில் பிறந்த அப்போலோ தளபதி தாமஸ் ஸ்டாஃபர்டின் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு சோயுஸ் தளபதி அலெக்ஸி லியோனோவ், இந்தப் பயணத்தில் ரஷ்யன், ஆங்கிலம், 'ஓக்லஹோம்ஸ்கி' என்று மூன்று மொழிகள் பேசப்பட்டன என்று கிண்டலடித்தார். 1984 ஏப்ரலில் பறந்த ராகேஷ் சர்மாவும் அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்ற ரவீஷ் மல்ஹோத்ராவும் மாஸ்கோவுக்கு அருகே விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி தரும் நட்சத்திர நகரத்தில் முதலில் உட்கார்ந்தது ரஷ்ய வகுப்பில். சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட ககன்யான் வீரர்கள் நால்வரும் 2020-21இல் அதே இடத்தில் பயிற்சி எடுத்தபோதும் ரஷ்யன் பாடத்திட்டத்தில் இருந்தது.

1980களில் பதற்றம் ஜப்பான் பக்கம் திரும்பியது. அமெரிக்கக் காரும் தொலைக்காட்சியும் சந்தையில் தோற்றுக்கொண்டிருந்தன. ஜப்பானியர்கள் நம் கட்டுரைகளைப் படிக்கிறார்கள், அவர்களுடையதை நாம் படிப்பதில்லை என்ற புலம்பல் எழுந்தது. 1981இல் எம்ஐடி தன் மாணவர்களுக்கு ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்து அங்குள்ள ஆய்வகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. 1986இல் ஜப்பானியத் தொழில்நுட்ப நூல்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1975இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர். பைரன் பேர்டும் எட்வர்ட் டாபும் இன்னொருவரும் சேர்ந்து தொழில்நுட்ப ஜப்பானிய மொழிக்குப் பாடநூல் எழுதியிருந்தார்கள். பேர்ட் என்றதும் வேதிப் பொறியியல் படித்தவர்களுக்குப் பொறி தட்டும். அந்தத் துறையின் தலையணைப் பாடநூல் ஒன்றை எழுதிய மூவரில் ஒருவர் அவர். தொழில்நுட்ப நூல்களில் அடிக்கடி வரும் 500 'காஞ்சி' எழுத்துகளை (ஜப்பானியம் சீனத்திலிருந்து எடுத்துக்கொண்ட எழுத்துகள்) எண்ணிப் பொறுக்கி, அவற்றை மட்டும் கற்றுக்கொள் என்றார்கள். இதுவும் கண்ணுக்கான மொழிதான். அமெரிக்கா விழித்துக்கொண்டு ஆட்களைத் தயார்செய்த சில ஆண்டுகளில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்துவிட்டது, பதற்றமும் அடங்கிவிட்டது. வாசிப்புப் பயிற்சி எப்போதும் ஒரு பஸ் தாமதம்.

ஜப்பானோ தன் பங்குக்கு வாய்க்கும் காதுக்குமான பயிற்சியை நடத்திக்கொண்டிருந்தது. 1959இல் அங்கே அமைந்த ஏஓடிஎஸ் என்ற அமைப்பு, வெளிநாட்டுத் தொழில்நுட்பப் பயிற்சியாளர்களை வரவழைத்து 6 வாரம் அல்லது 13 வாரம் மொழி கற்றுக்கொடுத்து, பிறகு தொழிற்சாலைக்கு அனுப்பியது. அங்கே போய்வந்தவர்கள் சென்னையில் அமைத்த ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற பழைய மாணவர் சங்கம் இன்றும் ஜப்பானிய வகுப்பு நடத்துகிறது. ஏஓடிஎஸ் தன் பயிற்சியாளர்களுக்காக 1990இல் வெளியிட்ட பாடநூலைப் பொதுமக்களுக்கு ஏற்றபடி மாற்றியதுதான், 1998இல் வந்து இன்று உலகம் முழுக்க ஜப்பானியம் கற்பவர்கள் கையில் இருக்கும் 'மின்னா நோ நிஹோங்கோ'. பாட உரையாடல்களில் ஃபேக்டரிப் பயிற்சியாளர்கள் இருந்த இடத்தில் ஐஎம்சி கம்பெனி ஊழியர் மில்லர்-சான் வந்துவிட்டார். இன்று அதை வைத்து ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலைகளான என்5, என்4க்குத் தயாராகும் மெக்கானிக்கல் பட்டதாரி, தொழிற்சாலைக்கென்று பிறந்து தொழிற்சாலையைக் கழற்றிவிட்ட ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு, மறுபடி தொழிற்சாலைக்கே போகிறார். எந்திரத்தின் உதிரிபாகப் பெயர்களை அங்கே போய்த்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

வாசிப்பு விஷயத்தில் இப்போது பெரும்பாலும் கவலை இல்லை. ஜெர்மன் காப்புரிமை ஆவணமோ சீனக் கட்டுரையோ, கணினியில் போட்டால் சில விநாடிகளில் படிக்கும்படி வந்துவிடுகிறது. 1954இல் மூன்று ஆண்டில் வரும் என்றவர்கள் அறுபது ஆண்டு தவறிவிட்டார்கள், அவ்வளவுதான். பேச்சு அப்படித் தீரவில்லை என்பதை ஜெர்மனியின் குடியேற்ற விதிகளே ஒப்புக்கொள்கின்றன. பொறியாளர்களும் ஐடி ஊழியர்களும் அங்கே வேலைக்குப் போகப் பயன்படுத்தும் நீல அட்டைக்கு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கும்போது கணக்கு மாறுகிறது: தொடக்க நிலையான ஏ1 அளவுக்கு ஜெர்மன் தெரிந்தால் 27 மாதத்தில் விண்ணப்பிக்கலாம், இடைநிலையான பி1 வரை வந்துவிட்டால் 21 மாதம் போதும்.